லான்ஃபான்ட் பிளாசா சுரங்கப் புகை: முதல் பத்து நிமிடத்தில் யார் முடிவெடுப்பது?

பென்டகன்_பயணி:

வாஷிங்டன் மெட்ரோவின் யெல்லோ லைனில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். லான்ஃபான்ட் பிளாசா நிலையத்துக்குப் பக்கத்தில் 2015 ஜனவரி 12ல் நடந்த விபத்து பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு வருகிறது. வந்ததும் "மெட்ரோவில் ரயில் தீப்பிடித்ததே, அதுவா" என்று ஒருவர் கேட்பார், ஆமாம் என்று இன்னொருவர் சொல்வார், அதோடு சரி. அன்றைக்கு ரயில் தீப்பிடிக்கவே இல்லை. ரயிலுக்குச் சுமார் 1,100 அடி முன்னால், மூன்றாம் தண்டவாளத்துக்கு (ரயிலுக்கு மின்சாரம் தர ஓரமாகப் போட்டிருக்கும் கம்பி) மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்கள் ஷார்ட் ஆகிப் பொறிந்துகொண்டிருந்தன. அந்தப் புகைக்குள் போய் ரயில் நின்றது. நின்ற இடத்தில் கடைசிப் பெட்டிக்கும் லான்ஃபான்ட் பிளாசா பிளாட்ஃபாரத்தின் முனைக்கும் நடுவே 386 அடிதான், 120 மீட்டர்கூட இல்லை. நல்ல காற்று இருந்தால் இரண்டு நிமிடத்தில் நடந்துவிடலாம். அந்த தூரத்தைக் கடக்க முடியாமல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரை மணி நேரத்துக்கும் மேல் புகைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் இறந்துபோனார், 91 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் இறுதி அறிக்கை 2016 மே மாதம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். கேபிளை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், எல்லாம் வேண்டும். ஆனால் புகை என்று முதல் தகவல் வந்த அந்தப் பத்து நிமிடத்தில் மின்சாரத்தை நிறுத்துவது, சுரங்கத்தின் காற்று விசிறியை எந்தப் பக்கம் ஓடவிடுவது, பின்னால் வரும் ரயிலை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் ஓர் ஆள், பேர் சொல்லி, ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சப்ஸ்டேஷன்:

மின் பொறியியல் என் தொழில், ரயிலை ஓட்டும் மின்சாரப் பிரிவில் (டிராக்ஷன்) கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைய நேரக் கணக்கைப் பாருங்கள். மதியம் 3:06க்கு அந்தப் பகுதியின் ஒரு முனையில் இருந்த, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் தானாகவே திறந்துகொண்டது. அதாவது கோளாறு இருக்கிறது என்று கருவி சொல்லிவிட்டது. ஆனால் மூன்றாம் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வரும். ஒரு முனை துண்டித்தாலும் மறுமுனை ஊட்டிக்கொண்டே இருக்கும், 750 வோல்ட் நேர்மின்சாரம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து மற்ற பிரேக்கர்களையும் திறந்து அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தியபோது மணி 3:44. முப்பத்தெட்டு நிமிடம் அந்த இடம் எரிய மின்சாரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

ஏன் ஷார்ட் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கேபிள் போய் இணைப்பானில் சேரும் இடத்தில் ஓர் உறை போட்டு இறுக்கி அடைக்க வேண்டும், தண்ணீர் புகாமல் இருக்க. உறை இல்லை என்றால் சுரங்கத்தில் கசியும் தண்ணீரும் அதோடு வரும் அழுக்கும் உள்ளே போய்ப் படியும். அழுக்கு படிந்த ஈரத்தில் மின்சாரம் முதலில் கொஞ்சமாகக் கசியும், அந்தச் சூட்டில் காப்புப் பொருள் கருகும், கரி மின்சாரத்தைக் கடத்தும், அப்புறம் கசிவு இன்னும் கூடும். ஒருநாள் பெரிய மின்பொறியாக (ஆர்க்) பற்றிக்கொள்ளும். இந்த உறைகள் இல்லாமல் இணைப்புகள் கட்டப்பட்டிருந்ததை வாரியம் 2015லேயே கண்டுபிடித்து எழுதியது. பார்வையிடப் போகிறவர் கையில் ஒரு டார்ச்சோடு குனிந்து பார்த்தால் தெரிகிற விஷயம்.

மாடிப்படி:

எல்லாரும் மெட்ரோவையே குறை சொல்கிறீர்கள். 1976ல் திறந்த அமைப்பு, நடத்துவதற்கென்று நிலையான வருமானம் இல்லாமல் மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் டி.சி. என்று மூன்று அரசுகளிடம் வருஷா வருஷம் கையேந்தி நிற்கிற நிறுவனம். கோடிக்கணக்கான பயணங்கள் ஒழுங்காகத்தானே நடக்கின்றன? காரில் போவதை விட ரயில் இன்றைக்கும் பாதுகாப்பானது. ஒரு விபத்தை வைத்து மக்களைப் பயமுறுத்தினால் அவர்கள் காருக்குப் போவார்கள், அதில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள்.

பென்டகன்_பயணி:

மாடிப்படி சார், ரயில் காரை விடப் பாதுகாப்பானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அதனால்தான் நான் அதில் போகிறேன். ஆனால் "ஒரு விபத்து" என்கிறீர்களே. 2009 ஜூனில் ஃபோர்ட் டாட்டன் அருகே இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் 2015. அதற்கு அப்புறம் 2016 மார்ச் 14ல் மெக்ஃபர்சன் ஸ்கொயர் பக்கத்தில் மறுபடியும் அதே கேபிள் வகையில் தீ. அப்போது பொது மேலாளராக வந்து சில மாதங்களே ஆகியிருந்த பால் வீடஃபெல்ட் மொத்த அமைப்பையும் ஒருநாளுக்கு மேல் மூடிவிட்டு எல்லாக் கேபிள்களையும் பார்க்கச் சொன்னார். பார்த்ததில் 26 இடங்களில் சேதம் இருந்தது. அந்த முடிவுக்காக அவரைத் திட்டியவர்கள் நிறைய, என் அலுவலகத்திலும் திட்டினார்கள். நான் இன்றுவரை அவர் பக்கம்தான். அதே முடிவு 2015 ஜனவரிக்கு மறுவாரமே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பணம் இல்லாதது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். விசிறியை எந்தப் பக்கம் ஓட விடுவது என்று ஒரு பக்கம் எழுதி வைக்க எவ்வளவு பணம் ஆகும்?

சப்ஸ்டேஷன்:

விசிறி என்று எடுத்துவிட்டீர்கள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுரங்கம் என்பது இரண்டு பக்கமும் திறந்த நீளமான குழாய். நடுவில் புகை வந்தால் அது மேலே எழுந்து கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் பரவும். அதை ஒரே பக்கம் போக வைக்க வேண்டும் என்றால் ஒரு முனை விசிறி காற்றை உள்ளே தள்ள வேண்டும், மறுமுனை விசிறி வெளியே இழுக்க வேண்டும். சாதாரண சுரங்கத்துக்கு நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் காற்று ஓடினால் புகை பின்னால் திரும்பி வராது. அந்தக் காற்றுக்கு எதிராக, அதாவது காற்று வருகிற திசையை நோக்கி மக்கள் நடந்து வெளியேற வேண்டும். இதுதான் உலகம் முழுக்க இருக்கிற பாடம், புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு நிலையத்தின் பக்கம் இருந்த விசிறிகளை இழுக்கும் நிலையில் போட்டார்கள். பார்வைக்குச் சரி மாதிரிதான் இருக்கும், நிலையத்தில் புகை இருக்கிறது, வெளியே இழுப்போம் என்று. ஆனால் ரயில் நின்றது புகை மூலத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில். நிலையத்தில் இழுத்தால் புகை எங்கே வழியாக வரும்? ரயிலைத் தாண்டித்தான் வரும். சுரங்கத்தில் புகை வந்தால் விசிறிகளை எப்படி ஓட்டுவது என்று எழுத்தில் ஒரு நடைமுறையே அவர்களிடம் இல்லை என்று வாரியம் சொன்னது. புகையின் மூலம் சரியாக எங்கே என்று கண்டுபிடிக்கும் வழியும் இல்லை. மூலம் தெரியாமல் விசிறியைத் தொட்டால் அது சூதாட்டம்தான்.

இன்னொன்று. ரயில் பெட்டியின் ஏசி வெளியிலிருந்து கொஞ்சம் காற்றை எடுக்கும். அதை உடனே நிறுத்தவில்லை என்றால் கதவை மூடி வைத்திருந்தும் பயன் இல்லை, பெட்டியே புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரெட்லைன்_அம்மா:

எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு வருகிறேன். எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது, நேராகவே கேட்கிறேன். நான் ஏழு வயசுப் பிள்ளையோடு அந்தப் பெட்டியில் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? ஓட்டுநர் "அமைதியாக உள்ளேயே இருங்கள், நிலையத்துக்குத் திரும்பப் போகிறோம்" என்று மைக்கில் சொல்கிறார். பிள்ளை இருமுகிறது. உட்கார்ந்திருப்பதா, கதவைத் திறந்துகொண்டு இறங்குவதா?

கொல்கத்தாத்_தமிழன்:

அக்கா, இறங்குவதுதான் என் பதில். கொல்கத்தா மெட்ரோவில் 2018 டிசம்பர் 27 சாயங்காலம் ரவீந்திர சதனுக்கும் மைதானுக்கும் நடுவில் ஏசி ரயில் ஒன்று புகையோடு நின்றது. ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள் பயணிகள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆனால் பிழைத்தார்கள். தென்கொரியாவில் தேகுவில் 2003 பிப்ரவரி 18ல் என்ன நடந்தது? முதல் ரயிலில் ஒருவன் தீ வைத்தான், எதிர்ப் பிளாட்ஃபாரத்துக்கு இரண்டாவது ரயிலை வர விட்டார்கள், தீ அதற்கும் தாவியது. மின்சாரம் போனது, ரயில் நகரவில்லை, ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கதவுகள் மூடியே இருந்தன. 192 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த இரண்டாவது ரயிலில். "உள்ளே இருங்கள்" என்ற சொல்லை அதற்கப்புறம் நான் நம்புவதில்லை.

சப்ஸ்டேஷன்:

தம்பி, கோபம் புரிகிறது, ஆனால் இதை அப்படியே ஓர் அம்மாவுக்குப் பதிலாகச் சொல்லாதீர்கள். கொல்கத்தாவிலும் சரி, வாஷிங்டனிலும் சரி, தரைமட்டத்தில் 750 வோல்ட் ஓடுகிறது. புகையில் தரை தெரியாது. 3:44 வரை அந்தத் தண்டவாளத்தில் மின்சாரம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம், அதற்கு முன்னால் இறங்கி நடந்த ஒவ்வொருவரும் உயிரைப் பணயம் வைத்துத்தான் நடந்தார்கள். சுரங்கத்தின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி மேடான நடைபாதை இருக்கும், மூன்றாம் தண்டவாளம் அதற்கு எதிர்ப்பக்கம். தப்பான பக்கக் கதவைத் திறந்து பிள்ளையை இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

தீயணைப்புத்_தன்னார்வலர்:

மேரிலாந்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரராக இருக்கிறேன். இந்த இழையில் இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி உண்மை.

ரெட்லைன் அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில். தீ உங்கள் பெட்டியிலேயே இருந்தால் முதலில் பெட்டி மாறுங்கள், முனைக்கதவு வழியாக அடுத்த பெட்டிக்கு. பிள்ளையைத் தரையோடு தாழ்த்தி உட்கார வையுங்கள், நல்ல காற்று கீழேதான் கடைசியாகப் போகும். ஈரத்துணி கண்ணெரிச்சலுக்கும் கரித்தூளுக்கும் கொஞ்சம் உதவும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, அதை நம்பி அதிக நேரம் உட்காராதீர்கள். பெட்டிக்குள் இன்டர்காம் இருக்கும், அதில் பெட்டி எண்ணையும் என்ன தெரிகிறது என்பதையும் சொல்லுங்கள். பெட்டி எண் உள்சுவரில் முனைக்கதவுக்கு மேலே இருக்கும், ஏறும்போதே ஒரு தரம் பார்த்துவிடுங்கள். நடுக்கதவின் பக்கத்தில் ஒரு சின்ன மூடி, அதற்குள் அவசரக் கைப்பிடி. அதை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தள்ள வேண்டும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புகை தாங்க முடியாத நிலை வந்து, ஓட்டுநரிடமிருந்தும் எந்தப் பதிலும் இல்லாதபோதுதான் கை வைக்க வேண்டும். திறந்தால் நடைபாதை இருக்கிற பக்கம் மட்டும். கீழே எதையும் மின்சாரம் ஓடுகிற கம்பியாகவே நினைக்க வேண்டும். புகை குறைவாக இருக்கிற திசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக.

இப்போது எங்கள் தரப்புக் குறை, அதையும் மறைக்கக் கூடாது. வாரியம் விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாக எழுதியது, டி.சி. தீயணைப்புத் துறை சுரங்கத்தில் இவ்வளவு பேர் பாதிக்கப்படும் சம்பவத்துக்குத் தயாராக இருக்கவில்லை என்பதை. கீழே போன வீரர்களின் வாக்கி டாக்கி மேலே கேட்கவில்லை. துறை தன் அலைவரிசையை வெளியாட்கள் கேட்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்திருந்தது, சுரங்கத்துக்குள் சிக்னலைக் கொண்டுபோகும் கருவி மெட்ரோவுடையது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே சோதனையில் இந்தக் கோளாறு தெரிந்திருந்தது. தெரிந்தும் அது சரியாவதற்குள் விபத்து வந்துவிட்டது. படிக்கட்டில் ஆட்களை நிறுத்தி வாய்ச்சொல்லாகத் தகவல் கடத்தினார்கள். மின்சாரம் நிறுத்தியாகிவிட்டதா இல்லையா என்பதே கீழே நிற்கிறவனுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் அவன் தண்டவாளத்தில் கால் வைக்க மாட்டான், வைக்கவும் கூடாது. அந்த ஒரு உறுதிக்காகக் காத்திருந்த நிமிடங்களில்தான் உள்ளே ஆட்கள் மயங்கினார்கள்.

எங்கள் ஊரில் வேறு பயிற்சியெல்லாம் அடிக்கடி நடக்கும். சுரங்கப் பயிற்சிக்குத்தான் மெட்ரோவின் தேதியும் எங்கள் தேதியும் ஒத்துவர மாட்டேன் என்கிறது. இரவு ரயில் ஓடாத நேரத்தில் மட்டும் நடத்துகிற பயிற்சியும் போதாது. உண்மையான புகை மதியம் மூன்றே காலுக்கு, பிளாட்ஃபாரம் நிறைய கூட்டம் இருக்கும்போதுதான் வந்தது.

பென்டகன்_பயணி:

இதைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி. என்னைத் தூங்கவிடாத இன்னொரு பகுதி அறிக்கையில் இருக்கிறது. புகை என்று தகவல் வந்தால், அங்கே என்னவென்று பார்க்க அடுத்து வருகிற ரயிலையே, பயணிகளோடு, அனுப்பிப் பார்க்கும் வழக்கம் இருந்திருக்கிறது. மனிதர்கள் நிரம்பிய ரயிலைப் புகைக்குள் விட்டு "என்ன தெரிகிறது" என்று கேட்பது. அவர்களுடைய சொந்த விதிமுறையே ரயில்களை நிறுத்தச் சொல்கிறது, அதைப் பின்பற்றவில்லை. அப்புறம் நின்ற ரயிலைப் பின்னால் எடுக்கலாம் என்றால் பின்னாலேயே வந்த இன்னொரு ரயில் லான்ஃபான்ட் பிளாசா பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை நகர்த்துவதற்குள் மின்சாரமே போய்விட்டது.

ஆகவே "ஓட்டுநர் திரும்பப் போகிறோம் என்றார்" என்பதில் ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. அவருக்குப் பின்னால் வழியை யாரும் காலி செய்து வைக்கவில்லை.

மாடிப்படி:

சரி, இது எனக்குத் தெரியாது. பயணிகளை வைத்து சோதனை செய்வது மன்னிக்க முடியாதது. ஆனால் அதற்கப்புறம் எல்லாம் மாறிவிட்டதுதானே? மத்திய அரசு மேற்பார்வையை எடுத்துக்கொண்டது, கேபிள் மாற்றினார்கள், 2016, 17ல் சேஃப்டிராக் என்று ஒரு வருஷம் லைன் லைனாக மூடி வேலை பார்த்தார்கள். அந்த வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பென்டகன்_பயணி:

மாறியது நிறைய, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். முன்னால் இருந்த மூன்று அரசுகளின் மேற்பார்வைக் குழுவுக்கு எதையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமே இல்லை. 2015 அக்டோபரில் மத்தியப் போக்குவரத்து நிர்வாகம் அந்தப் பொறுப்பை நேரடியாக எடுத்துக்கொண்டது. 2019 மார்ச்சிலிருந்து வாஷிங்டன் மெட்ரோரெயில் பாதுகாப்பு ஆணையம் பார்க்கிறது. அதற்கு ரயிலையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருக்கிறது. சுரங்கத்துக்குள் செல்போன் சிக்னலும் வந்துவிட்டது, 2008ல் போட்ட சட்டம் 2012க்குள் முடிக்கச் சொன்ன வேலை அது, காலம் தாழ்த்தி முடிந்தது.

ஆனால் கட்டுப்பாட்டு அறை? அதே ஆணையம் 2020 செப்டம்பரில் அந்த அறையைப் பற்றி ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டது. ஆள் பற்றாக்குறை, பணியிடத்தில் மிரட்டலும் அவமரியாதையும், தீ, புகை வந்தால் வரிசையாகச் செய்ய வேண்டிய பட்டியலைப் பின்பற்ற விடாமல் மேலிருந்து அழுத்தம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். 2015க்கு அப்புறம் ஐந்து வருஷம் கழித்து! பட்டியல் எழுதியாகிவிட்டது, ஆனால் பட்டியலைப் பார்த்து வேலை செய்கிற கன்ட்ரோலர் பக்கத்தில் ஒரு மேலதிகாரி நின்று "அதெல்லாம் இருக்கட்டும், ரயிலை ஓட்டு" என்றால் அந்தப் பட்டியலால் யாருக்கு என்ன பயன்? நான் முதலில் கேட்டது இதனால்தான். கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார், கடைசியில் அது வெறும் பிரேக் தூசிப் புகை என்று தெரிந்தது, அன்று மாலை ஐம்பதாயிரம் பேர் தாமதமாக வீடு போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவரை யாராவது திட்டினால், அடுத்த முறை அவர் கை பட்டனுக்குப் போகாது. அவரைத் திட்டக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நாமும், பயணிகளும், அன்றைக்கு ட்விட்டரில் அவரைக் கரித்துக் கொட்டாமல் இருக்க வேண்டும்.

கொல்கத்தாத்_தமிழன்:

இது நம் ஊருக்கும் பொருந்தும். அப்புறம் சென்னையில் எப்படி? அங்கே மூன்றாம் தண்டவாளமே இல்லையே.

சப்ஸ்டேஷன்:

சென்னையில் மேலே கம்பி வழியாக 25,000 வோல்ட். ஆகவே இறங்கி நடக்கும்போது காலில் மின்சாரம் என்ற பயம் குறைவு, பக்கவாட்டு நடைபாதையும் உண்டு. சுரங்க நிலையங்களில் பிளாட்ஃபாரக் கண்ணாடிக் கதவுகள் இருப்பதால் சுரங்கப் புகை நிலையத்துக்குள் வருவதும் கொஞ்சம் தடைபடும். ஆனால் விசிறித் திசையும் பின்னால் வருகிற ரயிலும் அங்கேயும் அதே கணக்குதான், இயற்பியல் ஊருக்கு ஊர் மாறாது. யாராவது அங்கே தீயணைப்புத் துறையோடு சேர்ந்து நடந்த பயிற்சியில் கலந்துகொண்டிருந்தால் தனி இழையாக எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

ரெட்லைன்_அம்மா:

தன்னார்வலர் தம்பிக்கு ரொம்ப நன்றி. நேற்று போகும்போது மகனுக்கு அந்தச் சின்ன மூடி எங்கே இருக்கிறது என்று காட்டினேன். பெட்டி எண்ணையும் படிக்கச் சொன்னேன். ஒரு சந்தேகம் மட்டும். அவசரக் கைப்பிடியைப் பற்றிய அறிவிப்பு கண்ணுக்கு எட்டாத உயரத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. இருட்டிலும் புகையிலும் யார் படிப்பார்கள்? இருட்டில் ஒளிரும் அம்புக்குறியைத் தரையை ஒட்டி ஒட்டக் கூடாதா?

தீயணைப்புத்_தன்னார்வலர்:

ஒட்டலாம் அக்கா, விமானத்தில் அப்படித்தான் நடைவழியில் தரையோடு வைத்திருக்கிறார்கள், புகையில் கண்ணுக்குத் தெரிவது அதுதான். நல்ல யோசனை, இதை இங்கே மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். பாதுகாப்பு ஆணையத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, கருத்தை எழுத்திலும் அனுப்பலாம். நீங்கள் அறிவிப்புப் பலகையைப் பற்றி எழுதுங்கள். பென்டகன் நண்பர் கன்ட்ரோலருக்கான பாதுகாப்பைப் பற்றி எழுதட்டும். நான் என் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கப் போகிறேன்: கூட்டம் இருக்கிற வேலைநாள் மதியத்தில், மேரிலாந்து, வர்ஜீனியா, டி.சி. மூன்று தீயணைப்புத் துறைகளும் ஒரே ரேடியோவில் பேசிக்கொண்டு, பொடோமாக் பாலத்துக்கு முன்னால் உள்ள அந்தச் சுரங்கத்திலேயே ஒரு பயிற்சி. ஒரு மணி நேரம் யெல்லோ லைன் நின்றால் நிற்கட்டும்.

மாடிப்படி:

அன்றைக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.